நூற்றுப் பன்னிரண்டாம் தட்டு

எங்கள் ஊர்க் கோயில் கொடைக்கு முந்தின நாள் சாயங்காலமே மைக் செட் போடுகிற என் மாமா வந்து இறங்கிவிடுவார். மாட்டு வண்டியில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஓர் அகுஜா ஆம்ப்ளிஃபயர், இரண்டு பேட்டரி, வயர்ச் சுருள், தட்டு சுற்றும் பெட்டி, இவற்றோடு பச்சை பெயிண்ட் அடித்த ஒரு தகரப் பெட்டி. மற்றதையெல்லாம் ஊர்ப் பையன்கள் ஆளுக்கொன்றாகத் தூக்குவோம். தகரப் பெட்டியை மட்டும் அவரே இறக்குவார். வேப்ப மரத்தில் ஒரு குழாய், பஞ்சாயத்து போர்டு மாடியில் ஒரு குழாய் கட்டி, “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்” சொல்லி முடித்ததும் முதல் தட்டு சுற்றும். சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. அது கேட்டால்தான் கொடை தொடங்கியதாக அர்த்தம். அடுத்த ஊர் வயலில் நிற்கிறவர்கூடத் தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

பெட்டிக்குள் இருநூறுக்கும் மேல் இசைத்தட்டுகள். நாங்கள் ரெக்கார்டு என்போம், பிளேட்டு என்போம்; மாமாவுக்கு அது தட்டுதான். ஒவ்வொன்றின் நடுக் காகிதத்திலும் வெள்ளை பெயிண்டில் எண் எழுதியிருப்பார். எந்த எண்ணில் என்ன பாட்டு என்பதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. சாமி பாட்டு, கல்யாணப் பாட்டு, காதல், சோகம், கட்சிப் பாட்டு எல்லாம் தனித்தனிப் பக்கம். நாகூர் ஹனிபாவும், வேதக்கோயில் திருவிழாவுக்கான பாட்டுகளும், டி.எம்.எஸ்ஸின் முருகன் பாட்டுகளும் ஒரே பெட்டியில் தோளோடு தோள் நின்றுகொண்டிருக்கும். எட்டு வயதில் எனக்கு அந்தப் பெட்டியிலிருந்து தட்டு எடுத்துத் தரும் வேலை கிடைத்தது. அதைவிடப் பெரிய பதவி எனக்கு இன்றுவரை வாய்த்ததில்லை.

“விளிம்புல பிடி மருமவனே. நடுவுல கை படக்கூடாது. பாட்டு அங்கதான் இருக்கு.”

அவர் சொல்லித் தந்தது அவ்வளவுதான். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் தட்டை நிறுத்தி, கட்டைவிரல்கூட மேலே படாமல் எடுத்து நீட்ட வேண்டும்.

அந்தத் தட்டுகளில் 112-ஆம் எண்ணை ஊரே அறியும். ஏழு அங்குல ஈ.பி. தட்டு, நிமிஷத்துக்கு 45 சுற்று, பக்கத்துக்கு இரண்டு பாட்டு. அதில் பி. சுசீலா பாடிய ஒரு பாட்டின் இரண்டாவது சரணத்தில் முள் ஓரிடத்தில் துள்ளும். ஒரு வரி காணாமல் போய், அதற்கு அடுத்த வரியின் பாதியில் போய் விழும். மாமா முள்ளின் தலைமேல் ஒரு நாலணாவை வைத்துப் பார்த்தார், அப்போதும் துள்ளியது. ஆனால் கேட்டுக் கேட்டு எங்களுக்கு அதுவே பாட்டாகிவிட்டது. கிணற்றடியில் பாடுகிற அக்காமார், களை பறிக்கிற பெண்கள், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பாடிய பிள்ளை எல்லோரும் அந்த இடத்தில் சரியாகத் துள்ளுவார்கள். நடுவில் ஒரு முழு வரி இருக்கிறது என்பதே கல்லூரி விடுதியில் ரேடியோவில் அந்தப் பாட்டைக் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. யாரோ புதிதாக ஒரு வரியைச் செருகிவிட்டது போல இருந்தது.

1980களின் நடுவில் மாமாவும் கேசட்டுக்கு மாறினார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாட்டு வண்டிச் சுமை குறைந்தது, முள் வாங்கத் திருநெல்வேலிக்கு ஓட வேண்டியதில்லை, மழைத் தூறலில் தட்டு நனையுமே என்ற பதற்றமும் இல்லை. பிறகு சிடி வந்தது, பென் டிரைவ் வந்தது. தகரப் பெட்டி பரணுக்குப் போனது. தெரிந்த சிலர் பழைய தட்டுகளை வெந்நீரில் போட்டு வளைத்துப் பூச்சாடி செய்தார்கள். மாமாவிடமும் கேட்டிருக்கிறார்கள், அவர் தரவில்லை. அவர் இறந்து சில வருஷம் கழித்து வீட்டை இடித்துக் கட்டியபோது அத்தை போன் செய்தார். “உனக்குத்தான் அதுல பிரியம். வந்து எடுத்துட்டுப் போ.”

சென்னைக்குக் கொண்டுவந்த அன்றே கேட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில் இணையத்தில் ஒரு பிளேயர் வாங்கினேன். சூட்கேஸ் வடிவம், அழகான நீல நிறம், உள்ளேயே ஸ்பீக்கர். நான்கு நாள் சந்தோஷமாகப் போட்டேன். ஐந்தாம் நாள் ஓர் எல்.பி.யை, அதாவது பன்னிரண்டு அங்குலப் பெரிய தட்டை, துடைத்தபோது துணியில் கறுப்புத் துகள் ஒட்டியது. முதல் பாட்டின் பள்ளங்கள் நரைத்துக் கிடந்தன. அந்த வகை மலிவு பிளேயர்களில் முள் ஐந்து, ஆறு கிராம் எடையோடு தட்டில் அழுந்துகிறது. முள்ளைப் பொருத்தும் தலை நல்ல காந்தக் காட்ரிட்ஜ் என்றால் இரண்டு கிராம் போதும். இது தெரியாமல், முப்பது வருஷம் பரணில் பிழைத்துக் கிடந்த தட்டை நானே நான்கு நாளில் உழுதுவிட்டேன்.

பழைய ரேடியோக்களைப் பழுது பார்க்கும் ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்தேன். அவர்தான் ஒரு பழைய டர்ன்டேபிளை வாங்கிக் கொடுத்து, முள்ளைத் தாங்கும் கையின் பின்புறம் இருக்கும் எடையைத் திருகித் திருகி, சின்னத் தராசில் முள்ளை நிறுத்து இரண்டு கிராமுக்குக் கொண்டுவந்தார். ஃபோனோ ப்ரீஆம்ப் என்றொரு சின்னப் பெட்டியையும் இடையில் வைத்தார். எதற்கு என்று கேட்டேன். தட்டு வெட்டும்போதே அடித்தொனியைக் குறைத்து, கீச்சுத்தொனியைக் கூட்டித்தான் வெட்டுவார்களாம். அடித்தொனியை அப்படியே வெட்டினால் பள்ளம் அகன்று, ஒரு பக்கத்தில் பாதிப் பாட்டுதான் கொள்ளும். வீட்டில் கேட்கும்போது அந்தப் பெட்டி எல்லாவற்றையும் தலைகீழாக்கிச் சரிசெய்கிறது. 1950களிலிருந்து உலகம் முழுக்க ஒரே கணக்குதான். அதனால்தான் கல்கத்தாப் பக்கம் தம்தம் ஆலையில் அழுத்திய தட்டு டோக்கியோவிலும் சரியாகப் பாடும்.

பூதக்கண்ணாடி வைத்துத் தட்டைப் பார்க்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் தொற்றியது. ஒரு பக்கத்தில் நூற்றுக்கணக்கான வட்டங்கள் இருப்பது போலத் தெரியும். உண்மையில் இருப்பது ஒரே ஒரு பள்ளம், வெளி விளிம்பிலிருந்து நடு வரை சுருண்டு சுருண்டு போகிறது. தலைமுடிப் பருமன்தான். 20 நிமிஷ எல்.பி. பக்கத்தைப் பிரித்து நீட்டினால் 430 மீட்டர் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் தெரு முனையிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை. ஸ்டீரியோ தட்டில் பள்ளத்தின் உட்சுவரில் இடப்பக்க ஒலி, வெளிச்சுவரில் வலப்பக்க ஒலி. இரண்டு சுவரும் தனித்தனியாக நெளிய, அந்த நெளிவை ஒரு துளி வைரம் உரசிக்கொண்டு போகிறது. இடையில் வேறு எந்த மாயமும் இல்லை. ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் காதை முள்ளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொசு பாடுவது போல அந்தப் பாட்டு அங்கேயே, அந்த இடத்திலேயே கேட்கும். எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

பெட்டியின் அடியில் ஒரு பழைய துண்டில் சுற்றி ஏழெட்டுத் தட்டுகள் இருந்தன. கனமானவை, 78 சுற்று. மாமாவுடைய அப்பா காலத்துத் தட்டுகள். சாவி கொடுக்கிற கிராமபோனில் கேட்டவை. மற்றத் தட்டுகள் வினைல் என்ற பிளாஸ்டிக்; அவை வினைலே அல்ல, அரக்கு. பாண்டவர்களுக்குத் துரியோதனன் கட்டிய மாளிகையும் அதே அரக்குதான். சோட்டா நாக்பூர் காடுகளில் பலாச மரத்திலும் குசும் மரத்திலும் பூச்சிகள் சுரப்பதைச் சுரண்டி எடுத்து, காய்ச்சி, கப்பலேற்றினார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாக லண்டனில் பாடினாலும் நியூயார்க்கில் பாடினாலும் அந்தக் குரலைத் தாங்கியது பெரும்பாலும் நம் காட்டு அரக்குதான். வினைலில் எல்.பி. வந்தது 1948-ல். அதற்குப் பிறகும் இந்தியாவில் 78 சுற்றுத் தட்டுகள் நெடுநாள் ஓடின. மின்சாரம் இல்லாத ஊர்களில் சாவி கிராமபோன்தானே இருந்தது. 1960களில் பீட்டில்ஸ் பாட்டுகளே இங்கே அரக்குத் தட்டில் வெளிவந்தன. இன்று அந்த இந்தியத் தட்டுகளை உலகெங்கும் சேகரிப்பாளர்கள் அலைந்து தேடுகிறார்கள்.

அந்த ஏழெட்டில் ஒன்று கே.பி. சுந்தராம்பாள். அதில்தான் நான் செய்யக்கூடாததைச் செய்தேன். வினைல் தட்டைக் காய்ச்சி வடித்த வடிநீரில் சில சொட்டு ஆல்கஹால் கலந்து துடைக்கலாம் என்று படித்திருந்தேன். அதே துணியால் அதே கலவையை அரக்குத் தட்டிலும் போட்டேன். தச்சர்கள் ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்துத்தான் மேசை நாற்காலிக்குப் பாலிஷ் போடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல; கை துணியை எடுத்தபோது மனதில் தோன்றவில்லை. பளபளத்த கறுப்பு மங்கிச் சாம்பல் பூத்தது. துணியில் பழுப்புக் கறை. முள்ளை வைத்தால் கொதிக்கிற எண்ணெய்ச் சத்தத்துக்குப் பின்னால் தூரத்தில் அந்த அம்மாவின் கணீர்க் குரல். அவ்வளவுதான் மிஞ்சியது. அந்தப் பாட்டு இணையத்தில் கிடைக்கிறது, தேடிக் கேட்டேன். ஆனாலும் தாத்தா கேட்ட சுந்தராம்பாளை நான் அழித்துவிட்டேன் என்ற எண்ணம் போகவில்லை.

ஏன் போகவில்லை என்று யோசித்தபோதுதான், இந்தத் தட்டுகளில் எனக்குப் பிடித்தது என்ன என்பதே கொஞ்சம் பிடிபட்டது. அதற்கு வருகிறேன்.

78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட. நம் சங்கீதம் அதற்குள் அடங்குவதற்குப் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும். டி.என். ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்தில் தோடி ராகத்தை மணிக்கணக்கில் வாசித்தவர். தட்டில் அதற்குச் சில நிமிஷம்தான் இடம். 1902 நவம்பரில் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் தட்டுக்காகப் பாடியபோது, பாட்டு முடிந்ததும் தன் பெயரைத் தானே சொல்லி முடித்தார். அந்தப் பதிவுகளை அழுத்த ஜெர்மனியின் ஹானோவருக்கு அனுப்ப வேண்டியிருந்தது; யார் பாடியது என்று அங்குள்ளவர்களுக்குத் தெரிய வேண்டுமே. எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் தட்டு வந்தபோது அவருக்குப் பத்து வயது. ஏவி.எம். என்று நாம் அறிந்த மெய்யப்பச் செட்டியாரும் இசைத்தட்டு வியாபாரத்திலிருந்துதான் சினிமாவுக்கு வந்தார். அவருடைய சரஸ்வதி ஸ்டோர்ஸ் 1930களில் தட்டு பதிவு செய்து விற்றது. ஒரு வகையில் தமிழ் சினிமாவின் ஒரு வேர் இந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. மொழியிலும் அது தங்கிவிட்டது. தட்டையே பார்த்திராத பிள்ளைகள்கூட “கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி சொன்னதையே சொல்லாத” என்கிறார்கள். திருவிழாவில் பென் டிரைவ் பாட்டுக்கு ஆடினாலும் அது ரெக்கார்டு டான்ஸ்தான்.

இப்போது உலகம் முழுக்கத் தட்டுகள் திரும்பி வந்திருப்பதைப் பற்றி. அமெரிக்காவில் 2022-ல் 4.1 கோடி வினைல் தட்டுகள் விற்றன, சிடி 3.3 கோடி. எண்ணிக்கையில் தட்டு சிடியை முந்தியது 1987-க்குப் பிறகு அதுவே முதல் முறை. டெக்னிக்ஸ் நிறுவனம் 2010-ல் நிறுத்திய தன் புகழ்பெற்ற டர்ன்டேபிளை 2016-ல் மறுபடி கொண்டுவந்தது. 1989-ல் தட்டு அழுத்துவதை விட்ட சோனி, ஜப்பானில் 2018-ல் திரும்பத் தொடங்கியது. நம் நாட்டிலும் 2024-ல் மும்பைப் பக்கம் புதிதாக ஓர் ஆலை வந்திருக்கிறது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு மாமா நினைவாகவே இருந்தது.

இந்த மீட்சி ஒன்றும் இரும்புத் தூண் மேல் நிற்கவில்லை. 2020 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் பானிங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை எரிந்தது. முதல் பள்ளத்தை வெட்டுவதற்கு ஒரு மெல்லிய பூச்சுத் தகடு வேண்டும்; உலகத்தில் அதைச் செய்த இடங்கள் இரண்டே இரண்டு, அதில் ஒன்று எரிந்துபோனது. மிஞ்சியது ஜப்பானில் ஒரு சிறிய நிறுவனம். அந்தத் தகட்டில் வெட்டி, அதன்மேல் வெள்ளி பூசி, நிக்கல் படியவைத்து அச்செடுத்து, அந்த அச்சால்தான் சூடான வினைல் உருண்டையை அழுத்துகிறார்கள். நம் ஊர்ப் பாத்திரக்காரர்களும் அச்சு வார்ப்பவர்களும் பார்த்தவுடனே புரிந்துகொள்ளக்கூடிய வேலை. கோடிக்கணக்கில் விற்கிற சரக்கின் மூலப்பொருள் இரண்டு பட்டறையை நம்பி இருந்தது என்பது எனக்கு அப்போது நம்ப முடியாததாக இருந்தது.

சரி, ஏன் வாங்குகிறார்கள்? ஒலி நன்றாக இருக்கும் என்பது வழக்கமான பதில். இதில் நான் வெளிப்படையாகவே மாறுபடுகிறேன். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான தூரம் சிடியில் 96 டெசிபல். நல்ல தட்டில் 70 வந்தால் பெரிது. தட்டின் வெளி விளிம்பில் முள்ளுக்கு அடியில் பள்ளம் விநாடிக்கு 50 சென்டிமீட்டர் ஓடுகிறது, நடுப் பக்கம் போனால் 21 சென்டிமீட்டர்தான். அதனால் கடைசிப் பாட்டு எப்போதும் கொஞ்சம் மங்கலாகத்தான் கேட்கும். 2022-ல் இன்னொன்றும் நடந்தது. முழுக்க அனலாக் என்று நம்பி ரசிகர்கள் கொண்டாடிய ஓர் அமெரிக்க நிறுவனத்தின் விலையுயர்ந்த தட்டுகள், நடுவில் டிஜிட்டல் படி ஒன்றைத் தாண்டித்தான் வந்தன என்று தெரிந்தது. வருஷக்கணக்கில் மிகக் கூர்மையான காதுகளும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஏமாந்தவர்கள் வழக்குப் போட்டார்கள், அது நியாயம். ஆனால் காது சொல்லாத வித்தியாசத்துக்காக அவர்கள் தட்டை நேசித்திருக்க முடியாது. வேறு ஏதோ இருக்கிறது.

நிதானமாக உட்கார்ந்து கேட்க வைக்கிறது என்பது இரண்டாவது பதில். இதில் உண்மை உண்டு. 20 நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து திருப்ப வேண்டும். பாட்டைத் தாண்டிப் போக விரல் போதாது, எழுந்து போய் முள்ளைத் தூக்க வேண்டும். ஆனால் அமெரிக்காவில் லூமினேட் நிறுவனம் எடுத்த கணக்குப்படி, தட்டு வாங்குகிறவர்களில் பாதிப் பேரிடம் பிளேயரே இல்லை. என் நண்பர் வீட்டுக்குத் தட்டு கேட்க வருகிற ஓர் இளைஞரும் அப்படித்தான். மூவாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய தட்டைப் பிரிக்காமல் நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்தார். எங்கள் பிளேயரில்தான் முதல் முதலாகக் கேட்டார். பாட்டு முடிந்ததும் தட்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். “அண்ணா, எந்த இடத்துல சத்தம் கூடுச்சோ அது கண்ணுக்கே தெரியுதே” என்றார். தெரியும்தான். உரத்த இடத்தில் பள்ளம் அகன்று பளபளப்பு மாறும். அவர் முகத்தைப் பார்த்தபோது அந்த மூவாயிரத்தை யாரும் வீண் என்று சொல்லக்கூடாது என்று தோன்றியது.

எனக்கு இருக்கிற காரணம் வேறு. இசைத்தட்டு பாடியவரைப் பதிவு செய்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். கேட்டவரையும் அது பதிவு செய்துகொண்டே இருக்கிறது. கேசட்டும் தேயும், சிடியும் கீறும், ஆனால் தட்டில்தான் கேட்டவரின் கை எங்கே பட்டது என்று கண்ணால் பார்க்க முடிகிறது, காதாலும் கேட்க முடிகிறது. மாமாவின் பெட்டியை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தபோது ஊரே வெளியே வந்தது. 37-ஆம் தட்டில் ஒரு பாட்டு மட்டும் நரைத்துக் கிடக்கிறது, பக்கத்துப் பாட்டு பளபளவென்று புதிதாக இருக்கிறது. அந்த நரைத்த பாட்டு ஒவ்வொரு கல்யாணத்திலும் தாலி கட்டி முடிந்தவுடன் போட்டது. எம்.எஸ்ஸின் சுப்ரபாதம், 1963-ல் வந்த எல்.பி.; அதன் தொடக்கத்தில் மட்டும் முள் விழுந்து விழுந்து ஒரு புள்ளிக் கூட்டம் இருக்கிறது. மார்கழி இருட்டில் கை விறைத்துப்போய், விளக்கில்லாமல் முள்ளை வைத்த தடம். 80-ஆம் தட்டின் உறையில் யாரோ ஒரு பெண் தன் பெயரின் முதல் எழுத்தை இங்க் பேனாவில் எழுதி, பிறகு அடித்திருக்கிறார். சோகப் பாட்டுகளின் உறைகள்தான் அதிகம் கிழிந்திருக்கின்றன.

எல்.பி.யில் ஒரு கீறல் விழுந்தால் அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை ‘டிக்’ என்கும். நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றே கால் சுற்று என்றுகூடச் சிலர் சொல்வார்கள். சரியான கணக்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும். அப்படியானால் 1.8 விநாடிக்கு ஒரு டிக். பாட்டின் தாளம் ஒன்று, கீறலின் தாளம் இன்னொன்று. கண்ணை மூடிக் கேட்டால் பாடுகிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து மெல்லத் தொடையைத் தட்டுவது போலிருக்கும். சுந்தராம்பாள் தட்டில் நான் துடைத்து எடுத்தது தாத்தாவின் தொடைத் தாளத்தை. அதனால்தான் மனம் ஆறவில்லை.

இதையெல்லாம் உணர்ந்த பிறகும் 112-ஐ நான் சுத்தம் செய்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அந்தத் தட்டை எடுக்கவே பல மாதம் தயங்கினேன். ஒருநாள் ராத்திரி பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். துள்ளும் இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். முள்ளைப் போட்டு, துள்ளியவுடன் தூக்கி, அந்த வட்டத்தைக் கண்ணால் தொடர்ந்தேன். கீறல் என்றுதான் நாற்பது வருஷமாக எல்லோரும் நினைத்தோம். கீறலே இல்லை. பள்ளத்தின் மேல் கடுகில் பாதிகூட இல்லாத ஒரு மஞ்சள் பொருக்கு. கல்லாக இறுகிப்போய், அக்கம்பக்கம் மூன்று தடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. 45 சுற்றுத் தட்டில் ஒரு தடம் ஒன்றேகால் விநாடிக்குக் கொஞ்சம் கூட. மூன்று தடம் தாண்டினால் நான்கு விநாடி. ஒரு வரி. கணக்குச் சரியாக இருந்தது.

சந்தனமாகத்தான் இருக்க வேண்டும். கல்யாண வீட்டில் மைக் செட் மேசை எப்போதும் வாசலில், சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில்தான் போடுவார்கள். சந்தனக் கையோடு யாரோ தட்டை எடுத்திருக்கிறார். யாராக இருக்கும் என்று யோசித்தேன். நானாகக்கூட இருக்கலாம்.

வடிநீரில் ஒரு சொட்டு எடுத்து அதன்மேல் வைத்தேன். பத்து நிமிஷம் விட்டேன். பல் குத்தும் மரக்குச்சியின் நுனியைக் கத்தரித்து மழுக்கி, பள்ளம் போகிற போக்கிலேயே, அழுத்தாமல் தள்ளினேன். மூன்றாவது தடவை ஊறிய பிறகு பொருக்கு அசைந்தது. துணி நுனியில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டு வந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். வாசனை எதுவும் மிச்சமில்லை. தட்டைப் போட்டேன். சுசீலா முழு வரியையும் பாடிவிட்டு அடுத்த வரிக்குப் போனார். அந்த நான்கு விநாடி மட்டும் மற்ற இடங்களைவிடத் தெளிவாக இருந்தது. தேயவே இல்லை. இத்தனை வருஷம் முள் படாமல், பாடிய நாள் போலவே உள்ளே இருந்திருக்கிறது.

செய்தது சரியா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. அந்த மஞ்சள் துணியைத் துவைக்காமல் வைத்திருக்கிறேன்.

போன தை மாதம் அத்தை சென்னைக்கு வந்திருந்தார். கண் பரிசோதனைக்காக வந்தவர் ஒரு வாரம் எங்களோடு இருந்தார். ஒரு மத்தியானம், சாப்பாடு முடிந்து வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தவரிடம் எதுவும் சொல்லாமல் 112-ஐப் போட்டேன். முதல் இசைத் துணுக்கிலேயே கண்டுகொண்டார். வெற்றிலை கையிலேயே நின்றுவிட்டது. பல்லவியை முணுமுணுத்தார், முதல் சரணத்தையும் சேர்ந்து பாடினார். குரல் கொஞ்சமும் பிசகவில்லை. இரண்டாவது சரணம் வந்தது. அந்த இடத்தில் அத்தை அடுத்த வரியின் பாதிக்குத் துள்ளினார். சுசீலா துள்ளவில்லை. இரண்டு குரலும் பிரிந்துவிட்டன.

அத்தை பாடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“இது நம்ம தட்டு இல்லையே ஐயா.”

முள்ளைத் தூக்கினேன். தட்டை எடுத்து அவரிடம் கொடுத்தேன். வெற்றிலையைக் கீழே வைத்து, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். சவுண்ட் சர்வீஸ் ரப்பர் ஸ்டாம்ப் பாதி அழிந்திருந்தது. வெள்ளை பெயிண்டில் 112. அந்த இரண்டின் வாலை மாமா கொஞ்சம் நீட்டிச் சுழித்துவிட்டிருப்பார். அத்தை அந்தச் சுழியை விரலால் ஒருமுறை தொட்டார்.

“அவுக எழுத்துதான்.”

அப்புறம் தட்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் விளிம்பில் நிறுத்தி, கட்டைவிரல்கூட மேலே படாமல் என்னிடம் நீட்டினார்.

“இன்னொரு தடவ போடு.”